தேவனாம்பட்டினத்து மணலில் ஒரு பாலைவன ஒத்திகை

கடலூரில் உட்கார்ந்துகொண்டு தார் பாலைவனத்துச் சைக்கிள் பயணத்துக்குத் தயாராவதே ஒரு கூத்து. அங்கே ஓட்டுவதற்கு ஏற்ற காலம் நவம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை. அப்படியானால் தயாரிப்பெல்லாம் ஐப்பசியிலும் கார்த்திகையிலும் வந்து விழும். நமக்கோ அது அடைமழைக் காலம், புயல் காலம். கெடிலம் கரை தொட்டு ஓடும்போது, தண்ணீரில்லாத ஊருக்கு எத்தனை லிட்டர் சுமந்துபோவது என்று நான் நோட்டில் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறேன். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் கொட்டித் தீர்த்தது. நான் போகப்போகும் பாலைவன ஊரான ஜெய்சல்மேருக்கு வருடம் முழுக்கச் சேர்ந்தாலே சுமார் 20 செ.மீ.தான். அவர்களுடைய இரண்டு வருட மழையை ஒரு நாளில் வாங்கிய ஊர்க்காரர்கள் நாம். அங்கே போய் என்ன பாடு படப்போகிறோம் என்பதைத்தான் கொஞ்ச காலமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

பைக்பேக்கிங் என்றால் தெரியாதவர்களுக்கு ஒரு வரி: படுக்கை, துணி, தண்ணீர், சோறு, ரிப்பேர் சாமான் எல்லாவற்றையும் சைக்கிள் பிரேமிலேயே பைகளாகக் கட்டிக்கொண்டு, பின்னால் வண்டி எதுவும் வராமல், நாள் கணக்கில் ஓட்டுவது. நான் போட்டிருக்கும் வழி ராஜஸ்தானின் பிகானேரில் தொடங்குகிறது. கோலாயத், பலோதி, ராம்தேவ்ரா, பொக்ரான் வழியாக ஜெய்சல்மேர். அதுவரை ஏறத்தாழ 330 கிலோமீட்டர் நல்ல தார் ரோடு. அங்கிருந்து ராம்கட் வழியாகத் தனோட் மாதா கோயில், லோங்கேவாலா போய்த் திரும்பி, பிறகு தெற்கே சம், குரி மணல்மேடுகள் பக்கம் ஒரு சுற்று. இந்தக் கடைசிப் பகுதிதான் உண்மையான மணல்.

திட்டத்தைச் சொன்னதும் எல்லோரும் சொன்னது ஒன்றுதான். "உனக்கென்னப்பா, அக்னி நட்சத்திரத்துலயே நெய்வேலி வரைக்கும் மிதிக்கிற ஆளு." நானும் கொஞ்ச நாள் இதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு நெஞ்சை நிமிர்த்தியிருந்தேன். ஆனால் இது வேறு வெயில். நமக்குப் பழக்கமானது ஈர வெயில். வியர்வை சொட்டும், சட்டை முதுகோடு ஒட்டும், கண்ணில் உப்பு எரியும். "போதும், நில்லு, தண்ணி குடி" என்று உடம்பு நச்சரித்துக்கொண்டே இருக்கும். கடலோரத்தில் வளர்ந்த உடம்புக்கு அந்தப் பிசுபிசுப்புதான் மீட்டர். வறண்ட காற்றில் அந்த மீட்டர் வேலை செய்யாது. வியர்வை தோலுக்கு வந்த கணமே ஆவியாகிவிடும், சட்டை காய்ந்தே கிடக்கும், வேர்க்கவே இல்லை என்று தோன்றும். சாயங்காலம் சட்டையில் வெள்ளைக் கோடாக உப்புப் பூத்திருப்பதைப் பார்க்கும்போதுதான் எவ்வளவு போயிருக்கிறது என்று தெரியும். மூச்சு வழியாகப் போகும் ஈரம் தனிக் கணக்கு. அதற்குள் தலைவலி வந்திருக்கும்.

குளிர்ச்சி தருவது ஆவியாகும் வியர்வை மட்டும்தான். தரையில் சொட்டுவது வீண். மே மாதக் கடலூரில் நாம் சிந்துவதில் பெரும்பகுதி வீண்தான். அந்த வகையில் தார் நம்மிடம் கருணையாகவே நடந்துகொள்ளும், அதுவும் குளிர்காலத்தில். பலோதியில் 2016 மே 19 அன்று 51 டிகிரி பதிவானது. இந்தியாவில் அதுவரை பதிவானதிலேயே அதிகம். அந்த மாதத்தில் அங்கே சைக்கிள் ஓட்டுவது வீரம் இல்லை, விறைப்பு. டிசம்பர், ஜனவரிப் பகலில் 25 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். நம் உடம்புக்கு அது ஊட்டிக்குப் போகும் வழி மாதிரி. ஆபத்து அந்தச் சுகத்தில்தான் இருக்கிறது. சுகமாக இருக்கிறதே என்று குடிக்காமல் விட்டுவிடுவோம்.

ஆகவே குடிப்பதைத் தாகத்திடம் ஒப்படைக்காமல் கடிகாரத்திடம் ஒப்படைத்திருக்கிறேன். அதற்கு முன் ஒரு சோதனை செய்துகொள்ள வேண்டும். எளிதானது, யாரும் செய்யலாம். உடம்பைத் துடைத்துவிட்டு எடை பாருங்கள். ஒரு மணி நேரம் ஓட்டுங்கள். வழியில் குடித்ததைக் குறித்துக்கொள்ளுங்கள். திரும்பி வந்து வியர்வையைத் துடைத்துவிட்டு மறுபடி எடை பாருங்கள். குறைந்த ஒவ்வொரு கிலோவும் ஏறக்குறைய ஒரு லிட்டர் வியர்வை, அதோடு குடித்ததையும் கூட்டிக்கொள்ள வேண்டும். புழுக்கமான நாளில் எனக்கு மணிக்கு ஒரு லிட்டரைத் தாண்டுகிறது. தாரின் குளிர்காலத்தில் இதில் பாதி இருக்கலாம் என்று வைத்துக்கொண்டாலும், ஆறேழு மணி நேரம் மிதித்தால் மூன்றரை லிட்டர். சமைக்க, இரவு குடிக்க, பல் துலக்க இன்னும் இரண்டு. ஒரு லிட்டர் என்றால் ஒரு கிலோ. அதில் பேரம் கிடையாது.

வெறும் தண்ணீரை மட்டும் மொண்டு மொண்டு குடிப்பதும் தப்பு. உப்பு வெளியே போய்க்கொண்டிருக்கும்போது தண்ணீரை மட்டும் உள்ளே ஊற்றினால் ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போகும். குமட்டல், குழப்பம், அதற்கு மேல் போனால் வலிப்புகூட வரும். கொடுமை என்னவென்றால், பார்க்கிறவர்களுக்கு இது தண்ணீர்க் குறைவு மாதிரியே தெரியும், இன்னும் குடி என்பார்கள். மருந்துக்கடை ஓ.ஆர்.எஸ். பாக்கெட்தான் என் துணை. உலக சுகாதார நிறுவனத்தின் கலவை லிட்டருக்கு 20.5 கிராம். அதில் குளுக்கோஸ் 13.5 கிராம், சாதா உப்பு 2.6 கிராம். பாக்கெட்டின் பின்பக்கத்தில் இந்த எண்கள் இருக்கின்றனவா என்று பார்த்து வாங்குங்கள். முன்பக்கத்தில் ஆரஞ்சுப் பழம் படம் போட்டது எல்லாம் ஓ.ஆர்.எஸ். ஆகிவிடாது.

தண்ணீர் விஷயத்தில் எனக்குக் கிடைத்த நல்ல பாடம் சைக்கிள்காரர் யாரும் சொன்னதில்லை. துறைமுகத்தில் விசைப்படகில் ஆழ்கடலுக்குப் போகும் அண்ணன் ஒருவர் சொன்னது. கரைக்கு வர நாள் கணக்காகும் தொழில் அவருடையது. சுற்றிலும் தண்ணீர், குடிக்க ஒரு வாய் கிடையாது. நான் லிட்டர் கணக்கை ஒப்பித்ததும் சிரித்தார்.

"எவ்ளோ எடுத்துப் போறன்றது அப்புறம் தம்பி. மொதல்ல கேனைப் பிரிச்சு வெக்கணும். ஒண்ணு புழங்குற தண்ணி. இன்னொண்ணு தொடாத தண்ணி. கரை கண்ணுக்குத் தெரியிற வரைக்கும் அந்தக் கேன்ல கை வெக்கக் கூடாது. கரை தெரிஞ்சப்புறம் கால்கூட கழுவிக்க, யாரு கேக்கப் போறா?"

இதைவிடத் தெளிவாக எந்தப் பயணக் கையேடும் சொல்லிவிட முடியாது. என் சைக்கிளில் முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க்கின் இரண்டு பக்கமும் ஒவ்வொரு லிட்டர் பாட்டில், பிரேமுக்குள் தொங்கும் பையில் இரண்டு லிட்டர் தண்ணீர்ப் பை. இவை புழங்குவதற்கு. பெடலுக்கு மேலே, கீழ்க் குழாயின் அடிப்பக்கத்தில் கட்டியிருக்கும் ஒன்றரை லிட்டர் தொடாத தண்ணீர். அதன் மூடியில் சிவப்பு இன்சுலேஷன் டேப் சுற்றியிருக்கிறேன். அடுத்த கிராமத்தின் தண்ணீர்த் தொட்டியோ கடையோ கண்ணில் பட்டால்தான் டேப் பிரியும். முதுகில் மாட்டும் தண்ணீர்ப் பையை வேண்டாம் என்று வைத்துவிட்டேன். முதுகில் ஏறும் ஒவ்வொரு கிலோவும் மாலைக்குள் சீட்டுக்கு இறங்கிப் பின்பக்கத்தைப் பதம் பார்த்துவிடும்.

அங்கே கிடைக்கும் தண்ணீர் பற்றியும் கொஞ்சம் படித்தேன். பஞ்சாபின் ஹரிகே அணையில் கிளம்பும் இந்திரா காந்தி கால்வாய் ஜெய்சல்மேர் மாவட்டம் வரை நீள்கிறது. பச்சைத் தண்ணீர் ஓடும் அந்தக் கால்வாயின் கிளைகளை வழியில் கடக்கத்தான் வேண்டும். ஊர்களில் மழைநீரைப் பிடித்து வைக்கும் 'டாங்கா' என்ற நிலத்தடித் தொட்டிகள் உண்டு. வாசலில் நின்று கேட்டு வாங்கிக் குடிக்க வேண்டியது அது. நாமே மூடியைத் திறந்து மொள்ளும் பொதுக்குழாய் இல்லை. போர்த் தண்ணீர் பல இடங்களில் உப்பு, அதோடு ஃப்ளோரைடும் அதிகம். நான் வாங்கியிருக்கும் சின்ன வடிகட்டி கிருமியைத்தான் பிடிக்கும், உப்பைப் பிடிக்காது. கைப்பம்பு அடித்து முகம் சுளித்தே வளர்ந்த கடலூர்க்காரனுக்கு இதைத் தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஒரு சந்தோஷமான விஷயமும் இருக்கிறது. முன்பெல்லாம் லாரிகளின் முன்னால் கித்தான் தண்ணீர்ப் பை தொங்குமே, நினைவிருக்கிறதா? ராஜஸ்தானில் அதைச் 'சாகல்' என்பார்கள். துணி வழியாகக் கசியும் ஈரம் காற்றில் ஆவியாகி உள்ளே இருக்கும் தண்ணீரைக் குளிர வைக்கும். பாட்டிலுக்கு ஒரு பழைய காட்டன் சாக்ஸை மாட்டி நனைத்துவிட்டால் அதே வேலையைச் செய்யும். நம் ஊரில் மாட்டிப் பார்த்தேன், சாக்ஸ்தான் நாறியது. காற்றில் ஏற்கெனவே ஈரம் இருந்தால் எது ஆவியாகும்? தாரில் இது நன்றாகவே வேலை செய்ய வேண்டும்.

இனி மணல்.

மணலுக்கு நமக்குப் பஞ்சமில்லை. தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சில் விடியற்காலை நடப்பவர்களுக்கு என்னைத் தெரியும், மூட்டை கட்டிய சைக்கிளோடு மணலில் விழுந்து எழும் கோமாளியாக. அலை வந்து போன ஈர மணல் சிமெண்டுத் தரை போல இருக்கும், அதில் ஓட்டுவது பயிற்சியே இல்லை. அதற்கு மேலே, அலை எட்டாத காய்ந்த மணல்தான் பாலைவனத்துக்குப் பக்கத்தில் வரும். முன் சக்கரம் அங்கே நினைத்த பக்கம் போகும், நாம் நினைத்த பக்கம் போகாது. ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடித்தால் முடிந்தது கதை. கையைத் தளர விட்டு, உடம்பைப் பின்னால் தள்ளி உட்கார்ந்து, சின்ன கியரில் நிறுத்தாமல் மிதித்துக்கொண்டே இருக்க வேண்டும். பிரேக்கைத் தொடக்கூடாது, திரும்ப வேண்டுமானால் ஹேண்டிலைத் திருப்பாமல் இடுப்பைச் சாய்க்க வேண்டும். நின்றுவிட்டால் மறுபடி அங்கேயே ஏறிக் கிளம்ப முயல்வது வீண், கெட்டியான இடம் வரை தள்ளிப் போக வேண்டியதுதான். அந்தத் தள்ளுவதையும் பழக வேண்டும். நாற்பது வயதை நெருங்கும் தோள்பட்டைக்கு ஓட்டுவதைவிடத் தள்ளுவதுதான் பெரிய வேலை.

டயர் காற்றுதான் இதில் பாதி வித்தை. 2.25 அங்குல டயரில் ரோட்டுக்கு 30 பி.எஸ்.ஐ. வைப்பவன் மணலில் 15 வரை இறக்குகிறேன். காற்று குறைந்தால் டயர் பரந்து மணல்மேல் மிதக்கும், மெலிந்து புதையாது. 1920களிலும் 30களிலும் ஃபோர்டு கார்களில் லிபியப் பாலைவனத்தை அளந்த ஆங்கிலேய ராணுவப் பொறியாளர் ரால்ஃப் பாக்னால்டு காற்றைக் குறைத்துத்தான் மணலைக் கடந்தார், புதைந்தால் சக்கரத்துக்கு அடியில் இரும்புத் தகட்டைப் போட்டு ஏறினார். மணல்மேடு எப்படி உருவாகிறது என்பதைப் பிற்பாடு இயற்பியலாக எழுதி வைத்தவரும் அவரே. அதில் நமக்கு உதவுவது ஒன்று: காற்று வந்து மோதும் பக்கம் சரிவு மெதுவாக, மணல் இறுக்கமாக இருக்கும். மறுபக்கம் மணல் சரிந்து விழும் செங்குத்து, கால் வைத்தால் முழங்கால் வரை போகும். ஓட்டுவதானால் காற்றுப் பக்கம், அதுவும் விடியற்காலையில், இரவுப் பனி மணலைக் கொஞ்சம் கட்டிப்போட்டிருக்கும்போது.

மஞ்சக்குப்பத்தில் என் சைக்கிளைப் பார்க்கும் மெக்கானிக் அண்ணனுக்கு பாக்னால்டும் வேண்டாம், மீட்டரும் வேண்டாம். டயரைக் கட்டைவிரலால் அழுத்திவிட்டு, "ரோட்டுக்கு இவ்ளோ. மணலுக்கு வெரல் உள்ள போவணும், ஆனா ரிம்மு தட்டக் கூடாது" என்றார். மீட்டரை வைத்துப் பார்த்தேன், பதினாறு.

சிலர் நான்கு அங்குல ஃபேட் டயர் சைக்கிள் வாங்கச் சொன்னார்கள். படத்தில் பார்க்க அழகுதான். ஆனால் தார் என்றதும் நம் கண்ணில் வரும் மணல்மேடு வழியில் கொஞ்சம்தான். பெரும்பகுதி முள் புதரும் கட்டாந்தரையும், எல்லைச் சாலை அமைப்பு போட்டு வைத்திருக்கும் அருமையான தார் ரோடும். எல்லைப் பக்க ரோட்டில் காற்று கொண்டுவந்து போடும் மணல் நாக்குகளைத் தாண்டத் தெரிந்தால் போதும். சில இடத்து மணலுக்காக வழி முழுக்கக் கனத்த டயரை உருட்டுவது எனக்குச் சரிப்படவில்லை.

மணலைவிட முள்தான் என் பயம். நெருஞ்சி முள் அங்கும் உண்டு. சீமைக்கருவேலம் அங்கும் நம் ஊர் ஏரிக்கரை போலவே படர்ந்து கிடக்கிறது. 'பருண்ட்' என்று ஒரு புல், அதன் விதை சாக்ஸில், துணியில், தோலில் எல்லாம் ஒட்டிக் குத்தும். டியூபை எடுத்துவிட்டு டியூப்லெஸ்ஸாக மாற்றி, உள்ளே சீலண்ட் ஊற்றியாயிற்று. முள் குத்தினால் அந்தப் பால் தானாக ஓட்டையை அடைக்கும். வெக்கையில் அது சீக்கிரம் காய்ந்துவிடும் என்பதால் கிளம்பும் வாரத்தில் புதிதாக ஊற்றிக்கொள்ள வேண்டும். இத்தனைக்குப் பிறகும் இரண்டு டியூப், பஞ்சர் சொல்யூஷன், உப்புத்தாள், அடைப்புத் திரி, கைப்பம்பு எல்லாம் பையில் உண்டு. என் 29 அங்குலச் சக்கரத்துக்கு டியூப் கோலாயத் சைக்கிள் கடையில் கிடைக்கும் என்று நம்பிப் போக முடியாது. கிராமத்துப் பம்பு பழைய சைக்கிள் வால்வுக்குத்தான் பொருந்தும், அதற்கு ஓர் அடாப்டர்.

செயினுக்கு எண்ணெய் போடும் பழக்கத்தை நிறுத்திவிட்டேன். எண்ணெய் மணலை இழுத்து ஒட்டிக்கொள்ளும், செயின் பல்லைத் தின்னும் அரைப்புக் கலவையாக மாறிவிடும். இப்போது மெழுகு. செயினைக் கழற்றி, மண்ணெண்ணெயில் அழுக்குப் போகக் கழுவி, காய வைத்து, உருக்கிய பாரபின் மெழுகில் முக்கி எடுத்து ஆற விட வேண்டும். கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்து உருக்குவது பத்திரம். அடுப்பில் என் செயின் மிதப்பதைப் பார்த்த அம்மா, "அந்தச் சட்டிய இனிமே நீயே வெச்சிக்கடா, என் சமையல்கட்டுப் பக்கம் வந்துடக் கூடாது" என்று எனக்குச் சொத்து பிரித்துக் கொடுத்துவிட்டார்.

கடற்கரைப் பயிற்சிக்கு ஒரு விலை உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். நம் மணல் உப்பு மணல். தார் மணலில் ஓட்டினால் தூசிதான், இங்கே துரு. ஒவ்வொரு முறையும் வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து உலர்த்தாவிட்டால் போல்ட்டுகள் ஒரே வாரத்தில் செம்பட்டை. ஸ்போக் முனையில் இருக்கும் அலுமினிய நிப்பிள்கள் உப்பில் சீக்கிரம் அரித்துப்போகும், பித்தளை நிப்பிளுக்கு மாற்றிக்கொண்டேன். கொஞ்சம் கனம், ஆனால் நிம்மதி.

கூடாரப் பயிற்சியும் அதே கடற்கரையில்தான். மணலில் முளைக்குச்சி நிற்காது. ஒரு துணிப்பையில் மணலை நிரப்பி, கயிற்றைக் கட்டி, ஓரடி ஆழத்தில் படுக்கவைத்துப் புதைத்து மிதித்துவிட்டால் எந்தக் காற்றும் அசைக்காது. நான் குழி தோண்டுவதைப் பார்த்துக்கொண்டே ரோந்து வந்த காவலர், "என்னா சார் பொதைக்கிறீங்க?" என்று டார்ச் அடித்தார். மணல் என்றேன். மணலிலா என்றார். விளக்கி முடிக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது.

மிதிக்கும் பயிற்சியைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ரேண்டனர் என்னும் நெடுந்தூரச் சைக்கிள் சவாரிகளில் 200 கிலோமீட்டரை 13 மணி 30 நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும், 300-ஐ 20 மணிக்குள். அந்த அளவுகோல் இதற்குப் பொருந்தாது. இங்கே ஒரு நாளின் வேகத்தைவிட மறுநாள் காலையில் அதே சீட்டில் உட்கார முடிகிறதா என்பதுதான் கேள்வி. ஆகவே சனி, ஞாயிறு சேர்ந்தாற்போல் முழு மூட்டையோடு ஓட்டுகிறேன். வாடை அடிக்கும் நாளில் இ.சி.ஆரில் வடக்கே மரக்காணம் வரை, எதிர்க்காற்றுக்கு அதைவிட நல்ல வாத்தியார் கிடையாது. மழை இல்லாத மாதங்களில் அங்குள்ள உப்பளங்களின் வெள்ளை வெளிச்சம் கண்ணைக் கூசுவது கறுப்புக் கண்ணாடிக்கும் நல்ல சோதனை. இன்னொரு நாள் நெய்வேலி வழியாக விருத்தாசலம்.

விருத்தாசலத்தில் ஒரு சின்ன ஆச்சரியம் காத்திருந்தது. விருத்தகிரீஸ்வரர் கோயிலின் தல விருட்சம் வன்னி. கோயில் கட்டிய கூலியாட்களுக்கு விபசித்து முனிவர் அந்த மரத்து இலையைத்தான் கூலியாகக் கொடுத்தார், அவரவர் உழைப்புக்கு ஏற்ப அது பொன்னாக மாறியது என்று கதை. சின்ன வயதிலிருந்து கேட்ட கதைதான். ராஜஸ்தானின் மாநில மரமான 'கேஜ்ரி'யும் இதே வன்னி என்பது பாலைவனத்தைப் பற்றிப் படிக்கும்போதுதான் தெரிந்தது. அதன் காயை உலர்த்தி வைத்துத்தான் அங்கே 'சாங்ரி' கறி சமைக்கிறார்கள். பஞ்சத்தில் ஆட்டுக்கும் மாட்டுக்கும் தழை அதுவே. தாரில் ரோட்டோரத்தில் நிழல் என்று ஒன்று இருந்தால் பெரும்பாலும் இந்த மரத்தடியில்தான் இருக்கும். முன்பின் தெரியாத ஊரில் தெரிந்த மரம் ஒன்று இருப்பது ஒரு தைரியம்தானே.

குளிர் பற்றி நம்மவர்கள் யாரும் கேட்பதில்லை. பாலைவனத்தில் என்ன குளிர் என்பார்கள். ஜனவரியில் ஜெய்சல்மேரின் சராசரி இரவு வெப்பநிலை 8 டிகிரியை ஒட்டியே இருக்கும், சில இரவுகளில் இன்னும் கீழே போகும். மேகமும் ஈரமும் இல்லாத வானம் பகல் சூட்டைப் பிடித்து வைக்காது, பொழுது சாய்ந்ததும் மணல் சில்லிட்டுவிடும். கடலூரில் 20 டிகிரி வந்தாலே மங்கி குல்லா எடுக்கும் சாதி நாங்கள். என் மூட்டையில் தண்ணீருக்கு அடுத்தபடி கனம் குளிர்ச் சாமான்தான்: 5 டிகிரி தாங்கும் தூக்கப் பை, அடியில் விரிக்க ஃபோம் பாய், கம்பளிச் சாக்ஸ், கையுறை. சட்டைக்குள் நெஞ்சுக்கு நேராக ஒரு தினசரித் தாளைச் செருகிக்கொள்வது சைக்கிள்காரர்களின் பழைய வித்தை, காசில்லாத விண்ட்ஷீட்டர். உதட்டுக்கும் மூக்கின் உள்பக்கத்துக்கும் தேங்காய் எண்ணெய் எடுத்துக்கொள்கிறேன். எட்டு டிகிரியில் அது உறைந்து கல்லாகிவிடும் என்று மனைவி நினைவூட்டினாள், அதனால் வாஸலினும்.

சாப்பாட்டில் நம் மாவட்டம் கைகொடுக்கிறது. பண்ருட்டி முந்திரியை உப்பு, மிளகு போட்டு வறுத்து வைத்தால் கெடாது, சாக்லேட் போல உருகாது, கைப்பிடி அளவே ஒரு மணி நேரத்துக்குத் தாங்கும். கடலை மிட்டாய், எள்ளுருண்டை, பேரீச்சை. நாக்கு வறண்டால் காய்ந்தது எதுவும் தொண்டையில் இறங்காது. அதற்காகவே நார்த்தங்காய் ஊறுகாய், வாயில் போட்டதும் எச்சில் ஊறும், உப்பும் ஆயிற்று. சோற்றுக்கு ஏங்கும் ஆசாமி நான். ஆனால் கம்பு நமக்கு அந்நியமில்லை. இங்கே கூழ், அங்கே ரொட்டி. இந்தியாவில் கம்பு அதிகம் விளைவதே ராஜஸ்தானில்தான்.

நூறு வருடத்துக்கு முன் இதையெல்லாம் விட மோசமான ரோட்டில் போனவர்கள் உண்டு. 1923இல் பம்பாயிலிருந்து ஆறு பார்சி இளைஞர்கள் சைக்கிளில் உலகம் சுற்றப் புறப்பட்டார்கள். ஆதி ஹக்கிம், ஜால் பாபசோலா, ருஸ்தம் பும்கரா மூவரும் மெசபடோமியப் பாலைவனத்தைக் கடந்து, உலகைச் சுற்றி, 1928இல் ஊர் திரும்பினார்கள். சீலண்டும் இல்லை, மேப்பு காட்டும் போனும் இல்லை. நான் நிப்பிள் பித்தளையா அலுமினியமா என்று மண்டையை உடைத்துக்கொள்ளும்போது அவர்கள் நினைவு வந்து கொஞ்சம் வெட்கமாக இருக்கும். ஆனாலும் பித்தளைதான்.

வெளிநாட்டுக்காரர்கள் எழுதும் பட்டியலை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாத இடம் ஒன்று உண்டு. ஆளரவமற்ற இடத்துக்குச் செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் கருவியைக் கட்டாயம் கொண்டுபோகச் சொல்வார்கள். இந்தியாவில் தொலைத்தொடர்புத் துறையின் அனுமதி இல்லாமல் அதை வைத்திருப்பது குற்றம். விமான நிலையத்தில் வெளிநாட்டுப் பயணிகள் சிலர் இதற்காகவே பிடிபட்டிருக்கிறார்கள். பாகிஸ்தான் எல்லையை ஒட்டிய ரோட்டில் அதைப் பையிலிருந்து எடுத்துக் காட்டினால் என்ன நடக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. எல்லைப் பக்கத்தில் சில பகுதிகளுக்கு மாவட்ட நிர்வாகத்தின் அனுமதியும் வேண்டும், ஜெய்சல்மேர் போனதும் முதல் வேலை அதை விசாரிப்பது. ஆதார் நகல் நான்கைந்து, பாலித்தீன் உறையில்.

வடக்கே போக நம் பக்கத்து ரயிலே இருக்கிறது. மன்னார்குடியிலிருந்து ஜோத்பூரை ஒட்டிய பகத் கி கோத்திக்கு வாரம் ஒருமுறை ஒரு வண்டி. மதுரையிலிருந்து பிகானேருக்கே நேராக ஒன்று. சைக்கிளைப் பார்சலில் போட வேண்டும்: பெடலைக் கழற்றி, ஹேண்டிலைத் திருப்பி, கியர் தொங்கும் பக்கத்தில் அட்டை வைத்துக் கட்டி, சாக்குத் தைத்து, பெயரும் ஊரும் மார்க்கர் பேனாவில் பெரிதாக எழுதி. பார்சல் நம்மோடு அதே வண்டியில் வரும் என்று உறுதி கிடையாது. பிகானேரில் ஒரு நாள் சும்மா இருக்கும்படிதான் திட்டத்தில் இடம் விட்டிருக்கிறேன்.

செயற்கைக்கோள் இல்லை என்பதால் வீட்டோடு ஓர் ஒப்பந்தம் போட வேண்டியிருந்தது. தினமும் காலையில் கிளம்பும்போது அன்றைய வழியையும் தங்கப்போகும் ஊரையும் அனுப்பிவிடுவேன். சேர்ந்ததும் ஒரு செய்தி. டவர் இல்லாத இடம் வரும் என்பதால், மறுநாள் காலை வரை செய்தி வராவிட்டால் மட்டும் கவலைப்பட வேண்டும் என்று எழுதி, ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினேன். மனைவி படித்துப் பார்த்தாள்.

"காலைல வரைக்கும்லாம் என்னால உக்காந்திருக்க முடியாது. ராத்திரி பத்து மணி. அதுக்கு மேல நான் யாருக்கு வேணாலும் போன் பண்ணுவேன்."

அடித்துப் பத்து என்று திருத்தினேன். யாருக்கு வேணாலும் என்றால் யாருக்கு என்று அடுத்த கேள்வி அவளே கேட்டு, வழியில் வரும் ஒவ்வொரு ஊர்க் காவல் நிலைய எண்ணையும் எழுதித் தரச் சொல்லியிருக்கிறாள். பிகானேரிலிருந்து பொக்ரான் வரை கிடைத்துவிட்டது. ராம்கட்டுக்கும் குரிக்கும் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.